ஆர் விசையை அழுத்தும் வேலை

நான் முதன்முதலில் விளையாடிய வீடியோ கேமை நான் விளையாடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அம்புக்குறி விசைகள் அண்ணன் கையில் இருந்தன. எனக்குக் கிடைத்தது ஆர் விசை மட்டும். கறுப்புத் திரையில் ‘பிரின்ஸ்’ என்று தட்டி, கொஞ்சம் இடம் விட்டு ‘மெகாஹிட்’ என்று சேர்த்துத் தட்டினால் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் கள்ளக்கதவு திறந்துகொள்ளும் என்பது அந்தக் காலத்தில் கணினியைத் தொட்ட எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அப்படி உள்ளே போனால், முள்ளில் குத்துப்பட்டோ உயரத்திலிருந்து விழுந்தோ செத்துக் கிடக்கும் பிரின்ஸ், ஆர் விசையைத் தட்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நிற்பான். அண்ணன் சாகடிப்பான், நான் எழுப்புவேன். கே விசையைத் தட்டினால் எதிரில் நிற்கும் காவலாளி தானாகச் செத்து விழுவான் என்பதும் தெரியும். ஆனால் அதற்கு அண்ணன் விட மாட்டான். “சண்டையே போடாம ஜெயிச்சா அது என்னடா ஜெயிப்பு?” என்பான். செத்தவன் எழுவது நியாயம், எதிரி சும்மா சாவது அநியாயம். அவனுடைய தர்மசாஸ்திரம் அப்படி.

அந்த ஆர் விசை பல வருடங்களாக மனதுக்குள் கிடந்தது. 2026 ஜனவரி 21ஆம் தேதி அது மறுபடி மேலே வந்தது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா தொடரில் 2003இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ விளையாட்டைப் புதிதாகச் செய்துகொண்டிருந்த ரீமேக்கைக் கைவிட்டுவிட்டதாக யுபிசாஃப்ட் நிறுவனம் அறிவித்த நாள் அது. நிறுவனத்தையே மாற்றி அமைக்கிறோம், ஆறு விளையாட்டுகளை நிறுத்துகிறோம் என்றார்கள். அந்த ஆறில் பெயர் தெரிந்த ஒன்று இது. ஐந்தரை வருடம் காத்திருந்தவனுக்கு அன்று தொண்டை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. செய்தியைப் படித்தேன், மூடினேன், வேலையைப் பார்த்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. உறுத்தியது வருத்தம் இல்லை என்பது மட்டும் புரிந்தது. வேறு எது என்று கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின.

அறுபது நிமிடம்

ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் டூ கணினிக்கு எழுதிய அந்த முதல் விளையாட்டில் மொத்தமே ஒரு மணி நேரம்தான். வில்லன் மந்திரி ஜாஃபர் இளவரசிக்குக் கெடு வைத்துவிட்டுப் போகிறான், மணற்கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. நீ எத்தனை முறை செத்தாலும் அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் போன நிமிடம் போனதுதான். ஆர் விசை உயிரைத் திருப்பிக் கொடுத்ததே தவிர நேரத்தைத் தொடவில்லை. (நேரத்தைக் கூட்ட வேறு விசை இருந்தது. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அண்ணனின் தர்மசாஸ்திரத்தில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்திருக்கும்.)

அதில் நிழல் என்று ஒருவன் வருவான். நாலாவது லெவலில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால் நம் உருவம் கண்ணாடியைவிட்டு வெளியே வந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடும். அடுத்த லெவலில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடித்துவிடுவான். அதற்கடுத்ததில் நாம் பாய்ந்து போகும்போது கதவை மூடிக் கீழே தள்ளிவிடுவான். கடைசியாகப் பன்னிரண்டாவது லெவலில் வாளை உருவிக்கொண்டு நேருக்கு நேர் நிற்பான். நாங்கள் அங்கேதான் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டோம். அவனை ஒரு வெட்டு வெட்டினால் நம் உயிரில் ஒன்று குறையும். அவன் வெட்டினாலும் நம் உயிர்தான். ஆர் விசையால் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒருநாள் அண்ணன் வெறுத்துப்போய் எழுந்து வெளியே போய்விட்டான். நான் அம்புக்குறி விசைகளைத் தொட்டது அன்றைக்குத்தான். எதை அழுத்துவது என்று தெரியாமல் கீழ் அம்பைத் தட்டினேன். பிரின்ஸ் வாளை உறையில் போட்டான். எதிரில் நின்ற நிழலும் உறையில் போட்டது. பயந்துகொண்டே நடந்தேன். இருவரும் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து ஒரே ஆளானார்கள். “அண்ணா!” என்று நான் கத்திய கத்தலில் அவன் ஓடிவந்தான். “என்னடா பண்ணின?” என்றான். “ஒண்ணும் பண்ணல, கத்திய உள்ள வெச்சேன்” என்றேன். அவன் நம்பவில்லை.

அந்த நிழல் எப்படிப் பிறந்தான் என்பது பிற்பாடு மெக்னர் சொல்லித்தான் எல்லாருக்கும் தெரிந்தது. தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு பிரேமாகத் தடம் பிடித்து வரைந்து பிரின்ஸின் அசைவுகளை அவர் உருவாக்கினார். அந்த அசைவுகளே நினைவகத்தை எல்லாம் விழுங்கிவிட்டன. எதிரிக்கென்று புதிதாகப் படங்கள் சேர்க்க இடம் இல்லை. சண்டை இல்லாமல் விளையாட்டு சப்பென்று இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் நச்சரிக்கிறார்கள். கடைசியில் பிரின்ஸின் படத்தையே ஒரு பிட் தள்ளி அதன்மேலேயே எக்ஸ்-ஆர் (இரண்டும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் விட்டுவைக்கும்) கணக்குப் போட்டால் மினுமினுக்கும் ஓர் ஆவி உருவம் கிடைத்தது. புதுப் படமே தேவைப்படவில்லை. இல்லாமையில் பிறந்தவன் அந்த நிழல். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்தது அவன்தான் என்பதைச் சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பின்னோக்கி ஓடிய நேரம்

நடுவில் வந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். 1993இல் இரண்டாம் பாகம் வந்தது. 1999இல் வந்த முப்பரிமாண முயற்சியை யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. 2003இல் யுபிசாஃப்ட் மான்ட்ரியலிலிருந்து ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வந்தது. கதையை எழுத மெக்னரே திரும்பி வந்திருந்தார். முதல் விளையாட்டு எதை மறுத்ததோ அதையே இது கையில் எடுத்துக் கொடுத்தது. பிரின்ஸ் தன் தந்தையோடு ஓர் இந்திய மகாராஜாவின் கோட்டையைக் கொள்ளையடிக்கிறான். அங்கே கிடைத்த குறுவாளின் பொத்தானை அழுத்தினால் நேரம் பின்னோக்கி ஓடுகிறது. பள்ளத்தில் விழுந்தவன் காற்றில் மேலேறி வந்து மறுபடி விளிம்பில் நிற்கிறான். சில விநாடிகள்தான். மணல் தீர்ந்தால் அதுவும் இல்லை.

நானும் அண்ணனும் அப்போது ஒரே அறையில் இல்லை. அவன் வேலைக்குப் போய்விட்டான். தனியாக உட்கார்ந்து முதல்முறை அந்தப் பொத்தானை அழுத்தியபோது எனக்கு நேரே ஆர் விசைதான் ஞாபகம் வந்தது. ஆனால் அந்த விளையாட்டில் என்னை முழுசாகச் சாய்த்தது குறுவாள் இல்லை, கதை சொல்லும் விதம். முழு விளையாட்டும் பிரின்ஸ் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கும் கதை. நாம் எங்காவது செத்துவிட்டால், இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்று அவன் குரல் திருத்திக்கொள்ளும். கடைசியில்தான் தெரியும், அவன் இதையெல்லாம் சொல்வது மகாராஜாவின் மகள் ஃபராவிடம். கதை முழுக்கக் கூட வந்து அம்பு விட்டவள், சண்டை போட்டவள், காதலித்தவள். ஆனால் நேரம் முதலுக்கே திரும்பிவிட்டதால் அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. அவனுக்கு மட்டும்தான் ஞாபகம். பெயர் என்ன என்று அவள் கேட்கும்போது, பயம் வந்தால் சொல்லச் சொல்லி அம்மா தனக்கு மட்டும் கற்றுக்கொடுத்ததாக அவள் ஒருகாலத்தில் அவனிடம் சொன்ன ரகசியச் சொல்லை அவன் தன் பெயராகச் சொல்லிவிட்டுப் போவான். அவள் திகைத்து நிற்பாள்.

ஒரு தொடரின் பழைய ரசிகன் என்பவன் அந்தக் கடைசிக் காட்சியின் பிரின்ஸ்தான். அவனுக்கு எல்லாம் நடந்தது. எதிரில் நிற்பவருக்கு எதுவும் நடக்கவில்லை. ரீமேக் வேண்டும், ரீமேக் வேண்டும் என்று நாங்கள் ஏன் அவ்வளவு துடித்தோம் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். எங்களுக்காக அதைக் கேட்கவில்லை. எதிரில் நிற்பவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் கேட்டோம்.

ஒரு ஜனவரியிலிருந்து இன்னொரு ஜனவரிவரை

2020 செப்டம்பரில் ரீமேக்கை அறிவித்தார்கள். புனே, மும்பை ஸ்டுடியோக்கள் உருவாக்குகின்றன என்றார்கள். ஒரு மகாராஜாவின் கோட்டையில் தொடங்கும் கதை இந்தியாவிலேயே மறுபடி செய்யப்படுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. 2021 ஜனவரி 21 வெளியீடு என்று தேதியும் குறித்தார்கள். டிரெய்லரைப் பார்த்த உலகம் முகம் சுளித்தது. முகங்கள் பொம்மைபோல் இருக்கின்றன, பத்து வருடப் பழைய விளையாட்டுபோல் இருக்கிறது என்று ஒரே கேலி. தேதி மார்ச்சுக்குப் போனது. அப்புறம் தேதியே இல்லாமல் போனது. 2022 மே மாதம் வேலை மான்ட்ரியலுக்குக் கைமாறியது. 2024 ஜூனில் சில விநாடி டீசர் ஒன்றைக் காட்டி 2026 என்றார்கள். 2026 ஜனவரியில் இல்லை என்றார்கள். இல்லை என்று சொன்ன நாள், முதலில் குறித்த வெளியீட்டுத் தேதிக்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நேரத்தோடு விளையாடியே பேர் வாங்கிய தொடருக்கு நேரம் செய்த கிண்டல்போல இருந்தது.

முதல் டிரெய்லரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க முடியாது. அண்ணனுக்கு அனுப்பி, “இது பிரின்ஸா, பிரின்ஸோட பெரியப்பாவா?” என்று எழுதினேன். அவன் சிரிப்புப் பொம்மை அனுப்பினான். அதை உருவாக்க ராப்பகலாக உட்கார்ந்தவர்கள் நமக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்த ஊர்க்காரர்கள் என்பது அந்தக் கணத்தில் தோன்றவில்லை. ரசிகனுக்கு ஒரு வியாதி உண்டு. அவன் மனதில் இருக்கும் பழைய படம் உண்மையான பழைய படத்தைவிட அழகாக இருக்கும். போன மாதம் 2003 விளையாட்டை மறுபடி நிறுவி ஓட்டிப் பார்த்தேன். காமிரா சுவருக்குள் போய் முட்டிக்கொள்கிறது. மணல் அரக்கர்களோடு சண்டை, செத்தவன் எழுந்து எழுந்து வர, கால்மணி நேரம் ஒரே அறையில் இழுக்கிறது. இதெல்லாம் அப்போது இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சுவரில் ஓடும்போது மட்டும் வயிற்றுக்குள் அதே பழைய குறுகுறுப்பு.

சர்கான்

இந்தக் காத்திருப்புக்கு நடுவில், 2023 ஜூனில், ‘தி லாஸ்ட் கிரவுன்’ என்று ஒன்றை அறிவித்தார்கள். ரேமேன் விளையாட்டுகளைச் செய்த மோன்பெலியே ஸ்டுடியோ உருவாக்குகிறது. பக்கவாட்டில் நகரும் விளையாட்டு. டிரெய்லருக்கு ராப் பாட்டு. கதாநாயகனின் பெயர் சர்கான். அவன் பிரின்ஸே இல்லை. பிரின்ஸ் கஸ்ஸான் என்று ஒருவன் கடத்தப்படுகிறான், அவனைத் தேடிக் காஃப் மலைக்குப் போகும் படைவீரன் இவன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெயரில் பிரின்ஸ், உள்ளே பிரின்ஸ் இல்லை. இதற்குச் செலவிடும் கையை ரீமேக்குக்குக் கொடுத்திருக்கலாமே என்று பொருமினேன். டிரெய்லரின் கீழே கட்டைவிரலைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்தேன். 2024 ஜனவரியில் அது வந்தபோது விமர்சனங்கள் நன்றாகவே இருந்தன. நான் வாங்கவில்லை. ரீமேக் வரட்டும், அதற்குத்தான் என் காசு என்று ஒரு வைராக்கியம்.

ரீமேக் செத்த பிறகு அதை வாங்கினேன். ஆசையால் இல்லை, இனி காத்திருக்க எதுவும் இல்லை என்பதால். வாங்கும்போதே தெரியும், இதைச் செய்த குழு இப்போது இல்லை. 2024 அக்டோபரிலேயே அவர்களைப் பிரித்து வேறு வேறு விளையாட்டுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, இரண்டாம் பாகத்துக்கு வழியில்லை. டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் மேடையில், உடல் குறைபாடு உள்ளவர்களும் விளையாடும்படி புதுமை செய்ததற்கான விருது அதற்குக் கிடைத்தது. விருது வந்து வீட்டுக் கதவைத் தட்டும்போது வீட்டில் யாரும் இல்லை. வரைபடத்தில் வழி தெரியாமல் திணறிய ஓர் இடத்தைப் படம் பிடித்து அந்த இடத்திலேயே குத்தி வைத்துக்கொள்ளலாம் என்ற சின்ன வசதி ஒன்று அதில் இருக்கிறது. இவ்வளவு எளிய விஷயம் இத்தனை வருடம் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. பாரசீக மொழியிலேயே வசனங்களைக் கேட்கும் வசதியும் இருந்தது. பெர்ஷியாவைப் பெயரில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடம் ஓடிய ஒரு தொடர் பாரசீகம் பேசியது இதில்தான். அதை வைத்துத்தான் விளையாடினேன். ஒரு சொல் புரியாவிட்டாலும் அந்தச் சுவர்களுக்கு அதுதான் பொருந்தியது.

முதல் சில மணி நேரம் வம்பு பிடித்தவன்போலவே விளையாடினேன். இது பிரின்ஸ் இல்லை, இது பிரின்ஸ் இல்லை என்று ஒரு பல்லவி உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் சர்கானுக்கு ஒரு சக்தி கிடைக்கிறது. சிமுர்க் பறவையின் நிழல் என்று அதற்குப் பெயர். பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்தில் தன்னுடைய மினுமினுக்கும் நிழலுருவம் ஒன்றை விட்டுவிட்டு அவன் நகரலாம். மறுபடி அழுத்தினால் எங்கே இருந்தாலும் அந்த நிழல் நின்ற இடத்துக்கே இழுபட்டுத் திரும்புவான். ஒரு கதவு. அதைத் திறக்கும் விசை தொலைவில். அதைத் தட்டிவிட்டு ஓடிவந்தால் கதவு மூடிவிடும். கதவுக்குப் பக்கத்தில் நிழலை விட்டுவிட்டுப் போய், விசையைத் தட்டி, திரும்பும் பொத்தானை அழுத்தினேன். மூடும் கதவுக்கு அடியில் வந்து நின்றேன்.

விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். தரையில் பதித்த கல்லை மிதித்தால் திறக்கும் கதவு, அது கடகடவென்று இறங்குவதற்குள் ஓட வேண்டும், அது 1989. நின்ற இடத்துக்கு நேரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்புவது, அது 2003. மினுமினுக்கும் அந்த உருவம், நினைவகம் போதாமல் ஒரு பிட் தள்ளி வரைந்த அதே நிழல். மூன்றும் ஒரே பொத்தானில் இருந்தன. இதைச் செய்தவர்கள் பழைய விளையாட்டுகளைத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று சொன்னால் போதாது. என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். நான் தலைப்பாகையையும் ஃபராவையும் குறுவாளையும் ஞாபகம் வைத்திருந்தேன். அவர்கள் கைவிரல் ஞாபகத்தை வைத்திருந்தார்கள். நான் ஐந்தரை வருடம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். காத்திருந்தவன் பின்கட்டு வழியாக எப்போதோ உள்ளே வந்து, யாரும் ஏனென்று கேட்காததால் போயும்விட்டான்.

அந்த ராத்திரிகளில் உறுத்திய முள் இதுதான் என்பது அப்போது பிடிபட்டது. எதிரில் என் உருவத்தோடு ஒருவன் நின்றான். நான் கத்தியைத்தான் உருவினேன்.

இனி என்ன

என் ஒரு கட்டைவிரலால் ஸ்டுடியோ கலைந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தலைக்கனம் இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு வேறு. இந்தத் தொடருக்கு அந்தக் கணக்கில் இடம் குறைந்ததற்குக் காரணம் அதன் சொந்தப் பிள்ளையே. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: அசாசின்ஸ்’ என்று, இளவரசனுக்குக் காவலாக வரும் ஒருவனைப் பற்றித் தொடங்கிய வேலைதான் 2007இல் ‘அசாசின்ஸ் க்ரீட்’ ஆனது. பிள்ளை வளர்ந்து வீட்டையே எடுத்துக்கொண்டான். அப்பா திண்ணைக்கு வந்துவிட்டார். 2008இல் வந்த விளையாட்டின் கதை முடியாமல் பாதியில் நிற்கிறது, இன்றுவரை யாரும் முடித்து வைக்கவில்லை. 2010க்குப் பிறகு, ‘தி லாஸ்ட் கிரவுன்’ வரும்வரை, பெரிய அளவில் ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்ட ஒரு தொடருக்கு, நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் உழைத்து, கோடிக்கணக்கில் விற்றால்தான் லாபம் என்கிற வகைப் படைப்பைக் கேட்பதே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. இனி ஒரு ரீமேக் அறிவிப்பு வந்தாலும் நான் நாள் எண்ண மாட்டேன்.

எனக்கு வேண்டியது சின்னக் குழுக்கள். அதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. ‘டெட் செல்ஸ்’ விளையாட்டை வருடக்கணக்கில் வளர்த்த ஈவில் எம்பயர் என்ற பிரெஞ்சுக் குழு ‘தி ரோக் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வைச் செய்தது. 2024 மே மாதம் அரைகுறையாக வெளியிட்டு, விளையாடியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, கதாநாயகனின் தோற்றத்தைக்கூட மாற்றி, 2025 ஆகஸ்டில் முழுசாக்கினார்கள். சண்டை எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ஆனால் பின்சுவரில் ஓடிக் கம்பத்தைப் பிடித்துத் தாவும் அந்த ஓட்டம் கச்சிதம். செத்தால் நேரத்தில் பின்னோக்கிப் போய் மறுபடி எழுகிறான். இதிலும் நேரம்தான். யார் கையில் எடுத்தாலும் இந்தத் தொடர் கடைசியில் நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அறுபது நிமிடம், குறுவாள், காஃப் மலை, இப்போது இது. இளவரசனின் முகம் மாறலாம், பெயர் மாறலாம், அவன் இளவரசனாக இல்லாமலும் போகலாம். மூடும் கதவு மட்டும் இருந்துவிட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு. முதல் விளையாட்டின் மூல நிரல் தொலைந்துபோய்விட்டது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2012இல் மெக்னரின் அப்பா, அந்த விளையாட்டுக்கு இசையமைத்தவரே அவர்தான், வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு பெட்டியில் பழைய நெகிழ்வட்டுகளைக் கண்டுபிடித்து மகனுக்கு அனுப்பினார். விஷயம் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து அந்த வட்டுகளிலிருந்து நிரலை மீட்டார்கள். மெக்னர் அதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். பழைய பிசிக்களில் ஓடிய டாஸ் பதிப்பையோ ரசிகர்களே கழற்றிப் பிரித்து, இன்றைய கணினிகளில் ஓடும்படி மறுபடி எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் நினைத்த இடத்தில் சேமித்து, நினைத்த இடத்துக்குத் திரும்பலாம். குறுவாளை 1989க்கே கொண்டுபோய்விட்டார்கள். புதிய லெவல்களை வரைந்து வெளியிடுகிறவர்களும் குறையவே இல்லை. சில லெவல்கள் கொடூரம். நிழலை நான்கு இடத்தில் நிறுத்திவைத்து உயிரை எடுத்தது ஒன்று. எந்த நிறுவனம் எதைக் கைவிட்டாலும் இந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சம்பளம் இல்லாமல், தேதி குறிக்காமல், டீசர் விடாமல்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டான். ரீமேக் விஷயம் அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் திட்டினான். அப்புறம், “நீ ஏதோ இன்னொண்ணு விளையாடறேன்னு சொன்னியே, அது எப்படி?” என்றான்.

“விளையாடிப் பாருண்ணா.”

“அதுல ஹீரோ பிரின்ஸே இல்லையாமே?”

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வாக்கியம். நிழலைப் பற்றி, பொத்தானைப் பற்றி, கதவைப் பற்றி வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சும்மா வாங்கி அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து மறுபடி போன். ஏதோ முள் இருக்கும் பள்ளத்தில் நாற்பது முறை விழுந்தாகிவிட்டதாம்.

“டேய், இதுல ஆர் எங்கடா இருக்கு?”

“இல்லண்ணா. இன்னும் கொஞ்ச தூரம் போ.”